ஒரே பருவத்தில் வாலிபாலும் பாலியல் நலமும்: பள்ளியில் இரண்டையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க வருபவர்களுக்கு

உடற்கல்வி ஆசிரியராகச் சேரும் பலருக்கு முதல் வாரத்திலேயே இரண்டு பொறுப்புகள் வந்து சேரும். மைதானத்தில் வாலிபால், வகுப்பறையில் 'உடல்நலம்' என்ற பெயரில் பாலியல் கல்வி. எனக்கும் அப்படித்தான் வந்தது. 12 முதல் 14 வயதுப் பிள்ளைகள் முப்பது பேர், ஒரு பருவம், இரண்டு பாடங்கள். பெற்றோருக்கு ஒழுங்கான கடிதம்கூட அனுப்பாமல் தொடங்கினேன். மூன்றாவது வாரம் வகுப்பு நிறுத்தப்பட்டது. மறுபடி தொடங்க ஒன்றரை மாதம் ஆனது. அந்த ஒன்றரை மாதத்தில் ஒரு மாணவிக்கு முதல் மாதவிடாய் வந்து, என்னவென்று தெரியாமல் பயந்து பள்ளிக்கே வராமல் இருந்தாள். நான் நேரத்தில் நடத்தியிருக்க வேண்டிய பாடம் அது. உங்கள் வகுப்பில் அப்படி நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவை இரண்டும் தனித்தனிப் பாடங்கள் என்று நினைத்துத் திட்டம் போடாதீர்கள். உடம்பு வேகமாக மாறிக்கொண்டிருக்கும் வயதில் அந்த உடம்பை வைத்து ஓடச் சொல்கிறோம், குதிக்கச் சொல்கிறோம், மற்றவர் பார்க்க நிற்கச் சொல்கிறோம். மைதானத்தில் அவர்கள் உடம்பை நீங்கள் எப்படி மதிக்கிறீர்கள் என்று பார்த்துவிட்டுத்தான் வகுப்பறையில் வாய் திறப்பார்கள்.

1. பந்தைத் தொடும் முன்பு காகிதங்கள்

பருவம் தொடங்க நான்கு வாரம் இருக்கும்போதே இதை ஆரம்பியுங்கள். இரண்டு வாரம் போதும் என்று நினைத்தால் கையெழுத்துக்கே அது போய்விடும்.

முதலில் ஒரு பக்கத்தில் பாடத் திட்டம். எந்த வாரம் என்ன தலைப்பு, எத்தனை நிமிடம், யார் நடத்துவது என்று எழுதுங்கள். வயதுக்கு எது பொருந்தும் என்று குழப்பம் வந்தால், யுனெஸ்கோ 2018-இல் திருத்தி வெளியிட்ட பாலியல் கல்வி வழிகாட்டுதலைப் பாருங்கள். 5–8, 9–12, 12–15, 15-க்கு மேல் என்று வயதுவாரியாகத் தலைப்புகளைப் பிரித்திருக்கிறார்கள். உங்கள் பகுதியின் பாடத்திட்டமும் சட்டமும் என்ன சொல்கின்றன என்பதையும் அதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பிறகு தலைமையாசிரியரின் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். வாய்மொழி அனுமதி, புகார் வரும் நாளில் உதவாது.

அடுத்தது பெற்றோர் கடிதம். நான் செய்த பெரிய தவறு இங்கேதான். "பாலியல் கல்வி நடைபெறும்" என்று ஒரே வரியில் எழுதினேன். படித்த ஒவ்வொருவரும் தங்கள் மனதில் இருந்த பயத்தை அந்த வரிக்குள் போட்டு நிரப்பிக்கொண்டார்கள். இரண்டாம் முறை தலைப்புகளை ஒவ்வொன்றாக எழுதினேன்: பருவமடையும்போது உடலில் வரும் மாற்றங்கள், மாதவிடாய் சுகாதாரம், உடல் எல்லையும் சம்மதமும், கர்ப்பம் எப்படி உண்டாகிறது, பால்வினை நோய்கள், இணையத்தில் பாதுகாப்பு. கூடவே, காட்டப்போகும் படங்களை ஒரு மாலை நேரக் கூட்டத்தில் பெற்றோரே வந்து பார்க்கலாம் என்றும் சேர்த்தேன். பத்துப் பேர்தான் வந்தார்கள். ஆனால் பார்க்கலாம் என்று சொன்னதே மற்றவர்களுக்கும் போதுமானதாக இருந்தது.

சம்மதிக்காத பெற்றோரும் இருப்பார்கள். அந்தப் பிள்ளை அந்த நேரத்தில் எங்கே இருக்கும், யார் பொறுப்பு என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். வராந்தாவில் தனியாக நிற்க வைத்தால் மொத்தப் பள்ளிக்கும் விஷயம் தெரிந்துவிடும். நூலகத்தில் ஒரு வேலை கொடுத்து உட்கார வையுங்கள்.

மூன்றாவது உடல்நலப் படிவம். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, ஒவ்வாமை, பழைய எலும்பு முறிவு, அவசரத் தொடர்பு எண். இவ்வளவு போதும். மாதவிடாய் பற்றி அதில் கேட்காதீர்கள். அந்தப் படிவம் எத்தனை மேசைகளைக் கடந்து வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான்காவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பள்ளியின் குழந்தைப் பாதுகாப்பு விதிமுறை எங்கே இருக்கிறது, அதற்குப் பொறுப்பானவர் யார், ஒரு பிள்ளை உங்களிடம் துன்புறுத்தல் பற்றிச் சொன்னால் சட்டப்படி யாருக்கு, எவ்வளவு நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதைக் கேட்டு எழுதி வையுங்கள். இந்தப் பாடத்தை நடத்தினால் அப்படி யாராவது வந்து சொல்லும் நாள் வரக்கூடும். அன்றைக்கு விதிமுறையைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

2. பணத்தை எங்கே செலவிடுவது

கிடைத்த பணத்தையெல்லாம் போட்டி வலைக்கும் இரண்டு நல்ல பந்துக்கும் கொட்டுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. முப்பது பேருக்கு இரண்டு பந்து என்றால் இருபத்தைந்து பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். இரண்டு பேருக்கு ஒரு பந்து இருந்தால் அருமை, மூன்று பேருக்கு ஒன்று இருந்தாலும் சமாளிக்கலாம். ஆக முப்பது பேருக்குக் குறைந்தது பத்துப் பந்து. போட்டிப் பந்தின் சுற்றளவு 65–67 செ.மீ., எடை 260–280 கிராம். தொடக்கக்காரர்களுக்கு அதே அளவில் எடை குறைந்த, மென்மையான பயிற்சிப் பந்துகள் கிடைக்கின்றன. அவற்றை வாங்குங்கள். முன்கை சிவந்து வலித்த பிள்ளை இரண்டாவது நாள் பந்தைக் கண்டாலே ஒதுங்கும்.

வலை இல்லாவிட்டால் கயிறு கட்டி, அதில் துணி நாடாக்களைத் தொங்கவிடுங்கள். கற்றுக்கொள்வதற்கு அது தாராளமாகப் போதும். முழங்கால் உறையைக் கடைசியாக வாங்கலாம். முதல் பருவத்தில் யாரும் பாய்ந்து விழப் போவதில்லை.

முதலுதவிப் பெட்டியில் குளிர் பை, ஒட்டும் நாடா, காயக் கட்டு, கையுறை இருக்கட்டும்.

பாலியல் நலப் பகுதிக்குச் செலவு மிகக் குறைவு. பூட்டுப் போட்ட கேள்விப் பெட்டி ஒன்று, அளவு ஒத்த தாள்கள், உடலமைப்புப் படங்கள், காட்டுவதற்குச் சானிட்டரி நாப்கின் சில, அவ்வளவுதான். இதற்கு மேல் பணம் மிஞ்சினால், உடை மாற்றும் இடத்தில் ஒரு பெட்டி நிறைய நாப்கின் வையுங்கள், யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள். மொத்தச் செலவில் மிகவும் பயன்பட்டது எது என்று கேட்டால் அந்தப் பெட்டியைத்தான் சொல்வேன். முதல் வாரம் வேகமாகக் காலியாகும். தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள். வீட்டில் கிடைக்காதவர்களும் எடுத்துப் போவார்கள், போகட்டும்.

3. அட்டவணை

பத்து வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 45 நிமிட வாலிபால் வகுப்பு இரண்டு, 40 நிமிட உடல்நல வகுப்பு ஒன்று. முதல் இரண்டு வாரம் உடல்நல வகுப்பு வேண்டாம், மைதானம் மட்டும் போதும். பெயர் தெரியாத ஒருவரிடம் எந்தப் பிள்ளையும் தன் உடம்பைப் பற்றிக் கேட்காது.

உடல்நல வகுப்பை விளையாட்டுக்குப் பிறகு வைத்துப் பார்த்தேன். வியர்த்துக் களைத்து, தண்ணீர் தேடும் பிள்ளைகளிடம் கருப்பையைப் பற்றிப் பேசினால் காதில் ஏறவில்லை. முதலில் வகுப்பறை, அப்புறம் மைதானம் என்று மாற்றினேன். வகுப்பறையில் சேர்ந்த கூச்சமும் பதற்றமும் ஓடிக் குதிப்பதில் கரைந்துவிடும். நீண்ட விடுமுறைக்கு முந்தின நாளில் மட்டும் இந்த வகுப்பை வைக்கவே வைக்காதீர்கள். உண்மையான கேள்விகள் இரண்டு நாள் கழித்துத்தான் வரும், அப்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.

4. மைதானத்தில் முதல் நான்கு வாரம்

முழு ஆடுகளம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். வலையின் உயரம் ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. இந்த வயதுக்கு இரண்டுமே அதிகம். 2 மீட்டர் அளவில் கட்டுங்கள்.

முப்பது பேரை ஒரே ஆடுகளத்தில் ஆட வைக்க ஒரு வழி இருக்கிறது. கயிற்றை அகலவாக்கில் கட்டாமல், 18 மீட்டர் நீளத்தின் நடுவே நீளவாக்கில் கட்டுங்கள். அதை மூன்றாகப் பிரித்தால் 6 மீட்டர் அகலமும், பக்கத்துக்கு 4.5 மீட்டர் ஆழமும் உள்ள மூன்று சின்னக் களங்கள் கிடைக்கும். பக்கத்துக்கு மூன்று பேர் என்றால் ஒரே நேரத்தில் 18 பேர் ஆடலாம். மீதிப் பேர் சுவரில் பந்தடித்துப் பழகட்டும், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இடம் மாறட்டும்.

எல்லா வகுப்பும் 8–10 நிமிட உடற்சூட்டுப் பயிற்சியோடு தொடங்கட்டும். அதற்கு முன் மோதிரம், கைக்கடிகாரம், தொங்கும் காதணி கழற்றப்பட வேண்டும், நீண்ட நகம் வெட்டப்பட வேண்டும். பந்து பக்கத்துக் களத்துக்குள் உருண்டால் யாராவது "பந்து!" என்று கத்த வேண்டும், எல்லோரும் அப்படியே நிற்க வேண்டும். கணுக்கால் சுளுக்கில் பாதி, உருண்டு வந்த பந்தை மிதிப்பதால் வருவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

கற்றுக்கொடுக்கும் வரிசையில் முதலாவது அண்டர்ஹேண்ட் பாஸ். பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, ஒன்று சற்று முன்னே, முழங்கால் மடங்கி, உடல் எடை பாதத்தின் முன்பகுதியில் இருக்கட்டும். ஒரு கையின் விரல்களை மற்ற கையில் வைத்து, இரண்டு கட்டை விரல்களும் பக்கத்தில் பக்கமாகக் கீழ்நோக்கி இருக்கும்படி கோக்க வேண்டும். முழங்கை நீண்டிருக்க வேண்டும். பந்து மணிக்கட்டுக்குச் சற்று மேலே, முன்கையின் தட்டையான உட்பகுதியில் பட வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் கையை வீசத்தான் செய்வார்கள், பந்து தலைக்குப் பின்னால் போகும். "கையால் அடிக்காதே, காலால் தூக்கு" என்று சொல்லுங்கள், அதாவது கையை வீசாமல் மடங்கிய முழங்காலை நிமிர்த்தி எழ வேண்டும். நான் சொன்ன எல்லாத் திருத்தங்களிலும் இந்த ஒன்றுதான் உடனே வேலை செய்தது. கட்டை விரலை உள்ளே மடக்கி முஷ்டிக்குள் வைப்பவர்களையும் கவனியுங்கள். வேகமாக வரும் பந்து அந்த விரலைக் காயப்படுத்திவிடும்.

இரண்டாவது ஓவர்ஹெட் பாஸ். நெற்றிக்கு மேலே இரண்டு கையின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு முக்கோண ஜன்னல் போல் இருக்க வேண்டும். அந்த ஜன்னல் வழியாகப் பந்தைப் பார்த்து, உள்ளங்கை படாமல், விரல் நுனிச் சதையால் தள்ள வேண்டும். முதல் இரண்டு வகுப்பில் பந்தைப் பிடித்து, சரியான நிலையா என்று பார்த்துவிட்டு எறிய அனுமதியுங்கள். விதிப்படி அது தவறுதான். ஆனால் பயம் போன பிறகு விதியைக் கொண்டுவருவது சுலபம்.

மூன்றாவது கீழிருந்து போடும் சர்வீஸ். வலது கையால் அடிப்பவருக்கு இடது கால் முன்னே. பந்து இடது கையில், இடுப்பு உயரத்தில். உள்ளங்கையின் அடிப்பகுதியால் அடிக்க வேண்டும். 9 மீட்டரிலிருந்து தொடங்காதீர்கள். 4 மீட்டரில் தொடங்கி, ஐந்தில் மூன்று முறை தாண்டினால் ஓர் அடி பின்னால் போகட்டும்.

ஸ்மாஷ், அதாவது குதித்து வலைக்கு மேலிருந்து பந்தை ஓங்கி அடிப்பது, கேட்பார்கள். தினமும் கேட்பார்கள். ஐந்தாவது வாரம் வரை கொடுக்காதீர்கள். பாஸ் வராத குழுவுக்கு ஸ்மாஷ் பயனில்லை. அதோடு, வேகமாக உயரம் கூடும் வயதில் ஓயாமல் குதித்தால் முழங்காலுக்குக் கீழே, எலும்பு புடைத்த இடத்தில் வலி வரும். ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று இதைச் சொல்வார்கள். அந்த இடத்தைக் காட்டி வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளைக்குக் குதிப்பதை நிறுத்துங்கள், "சமாளி" என்று சொல்லாதீர்கள்.

விதிகளில் இந்த அளவு போதும்: ஒரு பக்கத்துக்கு மூன்று தொடுதல், ஒருவரே தொடர்ந்து இரண்டு முறை தொடக் கூடாது, வலையில் படக் கூடாது, எதிரணியிடமிருந்து சர்வீஸைப் பெற்றால் கடிகார முள் திசையில் ஓரிடம் நகர வேண்டும். 25 புள்ளி ஆட்டத்துக்குப் பதிலாக ஏழு நிமிட ஆட்டங்கள் வையுங்கள்.

5. தொடும் முன் கேளுங்கள்

இந்தப் படிக்காக மட்டுமே இந்தக் கட்டுரையை எழுதியிருப்பேன்.

மணிக்கட்டைத் திருத்த வேண்டும், தோளைத் திருப்ப வேண்டும் என்று நம் கை தானாகவே போகும். எனக்குக் கற்றுக்கொடுத்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள். ஒரு நாள் ஒரு மாணவியின் முழங்கையைப் பின்னாலிருந்து பிடித்துத் திருத்தினேன். அவள் உடம்பு கல் போல இறுகியது. ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வகுப்பில் வரிசையின் கடைசிக்குப் போய்விட்டாள். அதே வாரம் வகுப்பறையில் "உன் உடம்பைத் தொட உன் சம்மதம் வேண்டும்" என்று பாடம் நடத்த இருந்தேன்.

அன்றிலிருந்து மூன்று கட்டமாகச் செய்கிறேன். முதலில் நானே செய்து காட்டுவேன். சரியாக வராவிட்டால் சொல்லால் திருத்துவேன். அதுவும் போதாவிட்டால், எதிரில் நின்று, "முழங்கையைத் தொட்டுக் காட்டட்டுமா, இல்லை சொன்னாலே போதுமா?" என்று கேட்பேன். "சொன்னா போதும் சார்" என்று வந்தால் முகம் மாறாமல் "சரி" என்று சொல்லிவிட்டு, சொல்லிக் காட்டுவேன். அந்த 'சரி'யில் துளியும் வருத்தம் தெரியக் கூடாது. மறுத்தால் ஆசிரியர் கோபிக்கவில்லை என்பதை மற்ற இருபத்தொன்பது பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இணைகளாகப் பயிற்சி செய்யும்போது மாணவர்களும் ஒருவரையொருவர் இப்படியே கேட்க வேண்டும் என்று விதி வையுங்கள். வெற்றிக்குப் பிறகு கட்டிப்பிடிப்பதா, கையில் தட்டுவதா, தலையாட்டினால் போதுமா என்பதையும் அவரவரே தேர்ந்தெடுக்கட்டும். வாலிபாலில் பந்து வரும்போது "என்னுது!" என்று உரக்கச் சொல்ல வேண்டும் இல்லையா? அதற்கு மிகவும் தயங்கும் பிள்ளைகள்தான் "வேண்டாம்" என்று சொல்லவும் தயங்குகிறார்கள் என்பதைக் கவனித்திருக்கிறேன். அவர்களுக்கு மைதானத்தில் குரல் பழக்குங்கள். பந்தே இல்லாமல், வெறுமனே கத்தும் பயிற்சி ஐந்து நிமிடம் வைக்கலாம்.

6. உடையும் மாதவிடாயும்

கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் மாணவியை "சோம்பேறி" என்று எண்ணிவிடாதீர்கள். மார்பு வளரத் தொடங்கியிருக்கும், குதிக்கக் கூச்சமாக இருக்கும், வலிக்கவும் செய்யும். தளர்வான கருநிற மேலாடையை எல்லோருக்கும் அனுமதியுங்கள். விளையாட்டுக்கான உள்ளாடை என்று ஒன்று உண்டு என்பதைப் பெற்றோர் கடிதத்திலேயே குறிப்பிட்டுவிடலாம். பையன்களுக்கும் கூச்சம் உண்டு. பருவமடையும்போது பல பையன்களுக்கு மார்புக் காம்பின் கீழ் வீக்கம் வரும். பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தானாகவே மறையும். சட்டையைக் கழற்றி அணி பிரிக்கும் வழக்கம் இருந்தால் அடியோடு நிறுத்துங்கள்.

மாதவிடாய் நாளில் விளையாடலாமா என்று கட்டாயம் கேட்பார்கள். விளையாடலாம், உடலுக்குத் தீங்கு இல்லை. சிலருக்கு வலி குறையக்கூடச் செய்யும். ஓய்வு வேண்டுமென்றால் அதுவும் சரி. காரணம் சொல்ல வேண்டாம், "இன்று புள்ளி எழுதுகிறேன்" என்று சொன்னால் போதும் என்று ஒரு பொது வாசகம் வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பையன்களும் பயன்படுத்தலாம் என்று ஆக்குங்கள். அப்போதுதான் யாருக்கு என்ன என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

7. வகுப்பறையில் முதல் மணி

முதல் பத்து நிமிடம் வகுப்பு விதிகள். சொந்தக் கதை கேட்பதில்லை, சொல்வதில்லை. கேள்வியைக் கேலி செய்வதில்லை. பதில் சொல்லாமல் இருக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. வகுப்பில் பேசியதைப் பெயர் சொல்லி வெளியே பரப்புவதில்லை. கடைசியாக, ஒருவருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் நான் ரகசியம் காக்க முடியாது என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள்.

உறுப்புகளுக்குச் சரியான பெயர் பயன்படுத்துங்கள். ஆண்குறி, விரை, யோனி, கருப்பை, சினைப்பை. சிரிப்பார்கள். சிரிக்கட்டும், மூன்றாவது முறை சிரிப்பு அடங்கிவிடும். சுற்றி வளைத்து 'அந்த இடம்' என்று சொன்னால் அதில் வெட்கப்பட ஏதோ இருக்கிறது என்று கற்றுக்கொடுத்தவர்கள் ஆவோம். தவிர, தன் உடம்பில் வலியோ துன்புறுத்தலோ வந்தால் சொல்வதற்குப் பிள்ளைக்குச் சொல் வேண்டும்.

இருபாலரையும் சேர்த்தா, பிரித்தா? என் முடிவு: பாடம் சேர்த்து, கேள்வி நேரத்தில் சில வாரங்கள் பிரித்து. மாதவிடாயைப் பையன்களும் கற்க வேண்டும். கறை பட்ட உடையைப் பார்த்துச் சிரிப்பதும் மேலாடையைக் கழற்றிக் கொடுப்பதும் ஒரே வகுப்புப் பையன்கள்தான். இரண்டுக்கும் இடையில் ஒரு மணி நேரப் பாடம்தான் வித்தியாசம்.

கேள்விப் பெட்டியில் ஒரு பொறி இருக்கிறது. கேள்வி இருப்பவர்கள் மட்டும் எழுதட்டும் என்றால், எழுதுகிறவர் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். எல்லோரும் எழுத வேண்டும். கேள்வி இல்லாதவர் "கேள்வி இல்லை" என்று மூன்று முறை எழுதட்டும். ஒரே அளவுத் தாள், ஒரே நேரம்.

8. எதை, எந்த வரிசையில்

மூன்றாம் வாரம் பருவமடைதல். பெண்களுக்குப் பொதுவாக 8 முதல் 13 வயதுக்குள்ளும் பையன்களுக்கு 9 முதல் 14-க்குள்ளும் தொடங்கும். முன்னே பின்னே வருவது இயல்பு. எல்லோருக்கும் உள்ளூர இருக்கும் ஒரே கேள்வி "நான் மட்டும் வேறு மாதிரி இருக்கிறேனா?" என்பதுதான். அதற்குப் பதிலாகவே இந்தப் பாடத்தை நடத்துங்கள்.

நான்காம் வாரம் மாதவிடாய். பொதுவாக 2 முதல் 7 நாள் இருக்கும். தொடக்க ஆண்டுகளில் சுழற்சி 21 முதல் 45 நாள் வரை மாறலாம். நாப்கினை 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். மணிக்கொரு நாப்கின் நனைந்தால், பள்ளிக்கே வர முடியாத வலி இருந்தால், 15 வயதாகியும் தொடங்காவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நாப்கினைக் கையில் எடுத்து, பிரித்து, துணியில் ஒட்டிக் காட்டுங்கள். எப்படிச் சுற்றி அப்புறப்படுத்துவது என்பதையும் காட்டுங்கள்.

அதே வாரம், பையன்களுக்குத் தூக்கத்தில் விந்து வெளியேறுவது பற்றி. இது நோய் அல்ல, பலவீனம் வராது. சுய இன்பம் பற்றிக் கட்டாயம் கேள்வி வரும். உடலுக்குக் கெடுதல் செய்யாது, அது தனிப்பட்ட விஷயம் என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். இன்னொன்றையும் தவறாமல் சொல்லுங்கள். விரையில் திடீரென்று கடும் வலி வந்தால், பந்து பட்டோ படாமலோ, வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது. விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம். சில மணி நேரத்துக்குள் சிகிச்சை கிடைத்தால்தான் காப்பாற்ற முடியும். மறைத்து வைத்துக் காலம் தாழ்த்துவதுதான் இதில் பெரிய ஆபத்து.

ஐந்தாம், ஆறாம் வாரம் ஈர்ப்பு, உறவு, சம்மதம், மறுப்பு. மைதானத்தில் பழகியதை இங்கே பெயர் சொல்லிப் பேசினால் போதும், பாதிப் பாடம் முடிந்திருக்கும். மிரட்டி வாங்கியது சம்மதம் ஆகாது, மௌனமும் சம்மதம் ஆகாது, ஒரு முறை தந்ததைத் திரும்பப் பெறலாம்.

ஏழாம் வாரம் கர்ப்பமும் கருத்தடையும். விந்தணுவும் சினைமுட்டையும் சேர்வது, முதல் மாதவிடாய்க்கு முன்பேகூடக் கரு உண்டாக வாய்ப்பு இருப்பது, முதல் முறையிலேயே உண்டாகலாம் என்பது. ஆணுறை கர்ப்பத்தையும் பால்வினை நோய்களையும் இரண்டையும் தடுக்க உதவும் சாதனம் என்று சொல்லுங்கள். இதைச் சொன்னால் பிள்ளைகளைத் தூண்டுவதாகும் என்ற பயம் பெற்றோருக்கு இருக்கும். தெரிந்துகொள்ளும் பிள்ளைகள் அவசரப்படுவதில்லை என்றுதான் யுனெஸ்கோ தொகுத்த ஆய்வுகள் சொல்கின்றன. கூட்டத்தில் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

எட்டாம் வாரம் நோய்கள். பல பால்வினை நோய்களுக்கு வெளியே அறிகுறியே தெரியாது, பரிசோதனையில்தான் தெரியும். எச்.ஐ.வி. இரத்தம், விந்து, யோனித் திரவம், தாய்ப்பால் வழியாகப் பரவும். வியர்வையாலோ, கைகுலுக்குவதாலோ, ஒரே பந்தை ஆடுவதாலோ பரவாது. மருந்தைத் தவறாமல் எடுத்து வைரஸ் அளவு கண்டறிய முடியாதபடி குறைந்தவரிடமிருந்து பாலுறவின் மூலம் பரவுவதில்லை. மைதானத்தில் இரத்தக் காயம் பட்டால் யாராக இருந்தாலும் ஆட்டத்தை நிறுத்தி, கையுறை போட்டுத்தான் கட்ட வேண்டும் என்ற விதியை இங்கே நினைவூட்டலாம். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகும் வைரஸைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி 9 முதல் 14 வயதுப் பெண்களுக்கு முன்னுரிமையாகப் போடப்பட வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. உங்கள் மாணவிகள் அந்த வயதில்தான் இருக்கிறார்கள். எங்கே போடுகிறார்கள் என்று விசாரித்துப் பெற்றோருக்குத் தகவல் அனுப்புங்கள். முடிந்தால் இந்த வாரத்துக்கு ஒரு செவிலியரை அழையுங்கள். என்ன பேச வேண்டும் என்பதை எழுத்தில் கொடுத்து, நீங்களும் வகுப்பிலேயே இருங்கள்.

ஒன்பதாம் வாரம் இணையம். படம் அனுப்பச் சொல்லி வற்புறுத்துவது, அனுப்பியதை வைத்து மிரட்டுவது, ஆபாசப் படங்களில் காட்டுவது நடிப்பு என்பது. மிரட்டப்பட்டால் பணமோ இன்னொரு படமோ கொடுக்காமல், மிரட்டல் செய்தியை அழிக்காமல், நம்பும் பெரியவரிடம் போக வேண்டும். "அனுப்பினது உன் தப்புத்தானே" என்று தொடங்கும் எந்தப் பெரியவரிடமும் பிள்ளை மறுபடி வராது. நீங்கள் அப்படித் தொடங்காதீர்கள்.

9. கடினமான கேள்விகள்

ஒவ்வொரு கேள்விக்கும் உள்ளே இன்னொரு கேள்வி இருக்கும். "முத்தம் கொடுத்தால் குழந்தை வருமா?" என்று எழுதியவருக்குப் பயம் இருக்கிறது. வராது என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, ஏதாவது கவலை இருந்தால் தனியே வரலாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். "நீங்க எப்போ...?" என்று உங்கள் சொந்த வாழ்க்கையைக் கேட்டால், "சொந்தக் கதை இல்லை என்பது நம் விதி, எனக்கும் அது பொருந்தும்" என்று சொன்னால் முடிந்தது. விடை தெரியாவிட்டால், பார்த்துவிட்டு அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்று சொல்லி, கட்டாயம் சொல்லுங்கள். மறந்தால் பெட்டியில் தாள் விழுவது நின்றுவிடும்.

பெட்டியை வகுப்புக்கு முன்பே தனியாகத் திறந்து படியுங்கள். வகுப்பில் திறந்து நேராக வாசித்தால், யாருடைய கையெழுத்து என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

10. ஒரு பிள்ளை உங்களிடம் வந்து சொன்னால்

பெரும்பாலும் பந்துகளை எடுத்து வைக்கும் நேரத்தில்தான் சொல்வார்கள். பார்வையிலிருந்து மறையாத, ஆனால் மற்றவர் காதில் விழாத இடத்தில் நில்லுங்கள். குறுக்கிடாமல் கேளுங்கள். "சொன்னது நல்லது. இது உன் தப்பு இல்லை" என்று சொல்லுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். யாரிடம், எதற்காகச் சொல்லப்போகிறேன் என்று விளக்குங்கள். தோண்டித் தோண்டிக் கேட்காதீர்கள், விசாரிப்பது பயிற்சி பெற்றவர்களின் வேலை. குற்றம் சாட்டப்பட்டவரை நீங்களே போய்க் கேட்டுவிடாதீர்கள். அது பிள்ளையை இன்னும் ஆபத்தில் தள்ளும்.

பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே, தேதி, நேரத்தோடு எழுதுங்கள். உங்கள் ஊகத்தைச் சேர்க்காதீர்கள். அன்றைக்கே பொறுப்பாளரிடம் கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொன்னால், நீங்கள் முதல் படியில் எழுதி வைத்த அந்தச் சட்டக் காலக்கெடுவை எடுத்துக் காட்டுங்கள். பள்ளி நகராவிட்டாலும் தெரிவிக்கும் கடமை உங்களுக்கும் இருக்கலாம். அடுத்த நாள் அந்தப் பிள்ளை மைதானத்துக்கு வந்தால் எப்போதும் போலவே நடத்துங்கள்.

11. கடைசி வாரமும் அதற்குப் பிறகும்

வாலிபாலுக்கு மதிப்பெண் தர வேண்டியிருந்தால், முதல் வாரமும் பத்தாவது வாரமும் தரையில் விழாமல் எத்தனை பாஸ் என்று எண்ணி, அந்த வித்தியாசத்துக்குக் கொடுங்கள். உயரமானவர்களுக்குச் சாதகமான சோதனைகள் வேண்டாம். பாலியல் நலத்துக்கு, பெயர் எழுதாத பத்துச் சரியா தவறா கேள்விகளை மூன்றாம் வாரமும் பத்தாம் வாரமும் கொடுங்கள். எந்தக் கேள்வியில் இன்னும் தடுமாறுகிறார்கள் என்று பார்த்து, அதை மட்டும் மறுபடி நடத்துங்கள். என் வகுப்பில் எச்.ஐ.வி. பரவும் வழிகளை இரண்டு முறை நடத்த வேண்டியிருந்தது.

கையெழுத்திட்ட கடிதங்களையும் வருகைப் பதிவையும் பள்ளி விதிப்படி பத்திரப்படுத்துங்கள். படித்து முடித்த கேள்வித் தாள்களைக் கிழித்துவிடுங்கள், ஆபத்தைக் குறிப்பவற்றைத் தவிர. கேள்விப் பெட்டியைப் பருவம் முடிந்த அன்றே எடுத்துவிடாமல், பந்து அறைப் பக்கத்தில் இன்னும் ஒரு மாதம் வைத்திருங்கள். வாரம் ஒரு முறை திறந்து பாருங்கள், நாப்கின் பெட்டியையும் அப்போதே நிரப்பிவிடுங்கள்.